அச்சுப்பொறி வழியே ஒரு கள்ளப் பாதை

உள்துறை அமைச்சுக்கான கடிதம், பிள்ளையின் பாடசாலைப் படிவம், வாடகை ஒப்பந்தம்... இலண்டனுக்கு வந்த நாள் முதலாய் நாம் அச்செடுக்கும் காகிதங்களுக்குக் குறைவில்லை. இவற்றை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கு அனுப்புவது, வின்டோஸினுள் ஓசையின்றி இயங்கும் 'பிறின்ற் ஸ்பூலர்' என்னும் சேவை. அச்சுப்பொறியே இல்லாத கணனியிலும் அது வழமையாக விழித்திருக்கும்.

2021 யூன் இறுதியில் சீன ஆய்வாளர் சிலர், அச்சேவையிலிருந்த ஓட்டை அடைபட்டுவிட்டதென எண்ணி, அதனுள் நுழையும் வழியை வெளியிட்டுவிட்டனர். அடைபட்டதோ வேறோர் ஓட்டை! 'பிறின்ற் நைற்மெயர்' என்று அதற்குப் பெயராயிற்று. ஸ்பூலர் கணனியின் அதியுயர் அதிகாரத்தோடு இயங்குவது. சாதாரண பயனர் ஒருவரின் கணக்கைப் பிடித்தவன், அச்சுப்பொறிக்கான மென்பொருள் என்ற போர்வையில் கள்ள நிரலை நீட்டினால் அது ஏற்றுக்கொண்டுவிடும். யூலை 6இல் மைக்ரோசொவ்ற் அவசரத் திருத்தம் வெளியிட்டது. கைவிடப்பட்டிருந்த வின்டோஸ் 7க்கும் கொடுத்ததென்றால் ஆபத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

திருத்தம் வந்தால் மட்டும் போதுமா? 2017 மேயில் 'வனாகிரை' தாக்கி, கிழக்கு இலண்டனின் பார்ட்ஸ் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் இரத்தானபோது, அதற்கான திருத்தம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது.

எம்மவர் வீடுகளில் பலவும் கைமாறி வந்த பழைய கணனிகள். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எந்த வின்டோஸ், கடைசித் திருத்தம் எப்போது என்று இன்றே பாருங்கள். அச்சுப்பொறி இல்லாதவர்கள் 'சேர்விசஸ்' பகுதியில் ஸ்பூலரை நிறுத்திவிடலாம். பிள்ளைகளைக் கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் பி.டி.எவ். ஆக 'பிறின்ற்' செய்து சேமிப்பதும் அதோடு நின்றுவிடும்.