அஸ்ஸுக்கரும் அஸூகாரும்: ஒரு சொல் தரும் படிப்பினை

 

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தனது அத்தாட்சிகளுள் ஒன்று என அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா கூறுகின்றான். அந்த அத்தாட்சியை நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் சர்க்கரை டப்பாவிலேயே காணலாம்.

ஸ்பெயின் நாட்டார் சர்க்கரையை 'அஸூகார்' என்கின்றனர். இது 'அஸ்ஸுக்கர்' என்னும் அரபுச் சொல்லேயாகும். கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் அந்நாட்டில் காலடி வைத்தது முதல் 1492இல் கிரனடா வீழும் வரை முஸ்லிம்கள் அங்கு ஆட்சி செய்தனர். கரும்பையும் அதற்கான பாசன முறைகளையும் அம்மண்ணில் பரப்பியவர்கள் அவர்களே.

மக்தபில் ஓதும் நம் பிள்ளைகள் ஷம்ஸிய்யா, கமரிய்யா எழுத்துகளை அறிவார்கள். ஸீன் ஷம்ஸிய்யா எழுத்து. அதன் முன் 'அல்' என்பதிலுள்ள லாம் ஒலிக்காது. ஆகவே 'அல்ஸுக்கர்' என்னாமல் 'அஸ்ஸுக்கர்' என்கிறோம். ஸ்பானியரும் அவ்வாறே கேட்டு 'அஸூகார்' என்றனர். அரிசியாகிய 'அர்ருஸ்' அவர்களிடம் 'அர்ரோஸ்' ஆயிற்று. பருத்தியாகிய 'அல்குத்ன்' என்பதில் காஃப் கமரிய்யா எழுத்து. எனவே லாம் மறையாமல் 'அல்கோதோன்' ஆயிற்று. தஜ்வீதின் சட்டம் அவர்களுடைய நாவில் இன்றும் பதிந்திருக்கிறது! அந்த 'அஸ்' அரபு முன்னொட்டு என்பதை மறந்து, தங்கள் மொழியின் 'எல்' என்னும் முன்னொட்டையும் சேர்த்து 'எல் அஸூகார்' என்று வழங்குகின்றனர். அச்சொல்லை ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் வழங்குவதை அவர்களது இலக்கணம் ஏற்கிறது.

இதைக் கேட்டு நாம் பெருமையடித்துக்கொள்ளலாமா? கூடாது. அரபுகள் அச்சொல்லைப் பாரசீகரின் 'ஷகர்' என்பதிலிருந்து பெற்றனர். பாரசீகருக்கு அது இந்நாட்டின் 'சர்க்கரா' என்னும் வடசொல்லிலிருந்து சென்றது. பரல், சிறுகல் என்பது அதன் முதற்பொருள். ஆக, பாலாற்றங்கரை வாலாஜாபாத்தில் நாம் சொல்லும் சர்க்கரையும் ஸ்பானியர் சொல்லும் அஸூகாரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. நாம் சொல்லும் 'சீனி' சீன நாட்டின் பெயரைத் தாங்கியது. 'அஸ்கா' ஒடிசாவில் சர்க்கரை ஆலை நடந்த ஊரின் பெயர். உருதுவில் கற்கண்டுக்கு வழங்கும் 'மிஸ்ரி' மிஸ்ரு நாட்டை நினைவூட்டுகிறது. ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கினோம் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்திற்கு இது கண்கண்ட விளக்கமல்லவா?

சகோதரர்களே! இச்சொல்லுக்கு மற்றொரு வழக்கும் உண்டு. மெக்ஸிகோ போன்ற நாடுகளில் நீரிழிவுள்ளவரைப் பற்றி, 'அவருக்கு அஸூகார் இருக்கிறது' என்பார்கள். நாமும் 'அவருக்குச் சர்க்கரை' என்றுதானே சொல்கிறோம்!

நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்புவார்கள் என்று ஹள்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). இனிப்பு ஒரு நிஃமத். ஆனால் உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்பதும் இறைக்கட்டளையே (7:31). உமது உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்பது நபிமொழி.

குறிப்பாக ரமளானில் நம் பெரியவர்கள் சிலர், மருத்துவர் தடுத்து விடுவாரோ என்றஞ்சி நோயை மறைத்து நோன்பு நோற்கின்றனர். மாத்திரையையும் இன்சுலினையும் தாமாகவே மாற்றிக்கொள்கின்றனர். இது தக்வா ஆகாது. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்றும், அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான் என்றும் குர்ஆன் கூறுகிறது (2:185). நோன்பு வைக்கவே இயலாத நிரந்தர நோயாளி, ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கலாம்.

நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். அளவு இறங்கி மயங்குபவருக்கு, விழுங்கும் நினைவிருக்கும்போதே கொடுக்கும் ஒரு கரண்டி சர்க்கரை உயிர் காக்கும் மருந்தாகும். அந்த நோன்பைப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம். போன உயிரைக் களாச் செய்ய இயலாது.

பிள்ளைகளே! உங்கள் வாப்பா, உம்மா, நன்னி, நன்னா ஆகியோரிடம் இதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். நிஃமத்தை அளவோடு அனுபவித்து நன்றி செலுத்தும் நல்லடியார்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.