சங்கு ஓய்ந்த ஊரில் ஒரு நாள்

தியாகராய நகரில் வீடு என்றால், "உனக்கென்னம்மா, கடையெல்லாம் காலடியில்!" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ரங்கநாதன் தெருவில் நைட்டி, உஸ்மான் ரோடில் புடவை, பாண்டி பஜாரில் வளையல் என்று வாங்கியே என் இருபது வருஷக் குடித்தனம் ஓடிவிட்டது. இதெல்லாம் எங்கே, யார் கையால் ஆகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. போன மாதம் நினைக்க வேண்டி வந்தது.

என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று பேச்சு. அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. ராத்திரி மூன்று மணிக்குக் கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார், பார்த்துப் புரிந்துகொண்டேன். பெரியவன் பிளஸ் டூ, சின்னவள் எட்டாம் வகுப்பு. எனக்கோ படிப்பு பத்தாவதோடு சரி. யாரிடம் சொல்லி ஆறுவது? அப்போதுதான் அம்பத்தூர் அத்தை ஞாபகம் வந்தாள்.

அத்தை வீட்டுக்காரர், அதாவது என் மாமா, அம்பத்தூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர். பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. என் சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்கு அங்கேதான் போவேன். காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் அத்தை உலை வைப்பாள். சாயங்காலச் சங்குக்குக் காபித் தண்ணீர் வைப்பாள். 1998-ல் ஒரு நாள் அந்தச் சங்கு நின்றது. கதவடைப்பு என்றார்கள். பிறகு திறக்கவே இல்லை. அதன்பின் கல்யாணம், குழந்தைகள் என்று எனக்கும் அந்தப் பக்கம் போக்கு விட்டுப்போயிற்று. மாமா காரியத்துக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வந்ததோடு சரி.

போகும் வழி சுலபம். 2023-ல் திறந்த ஆகாய நடைபாலம் வழியாகக் கூட்டத்தில் இடிபடாமல் மாம்பலம் ஸ்டேஷனுக்கு வந்து, பார்க்கில் இறங்கி, சென்ட்ரலில் ஆவடி வண்டி பிடித்தேன். பெரம்பூரில் ரயில்வே பட்டறைகள், வில்லிவாக்கத்தை நெருங்கும்போது 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை. கொரட்டூர், பட்டரவாக்கம் தாண்டி அம்பத்தூர்.

"ஏம்மா, இந்த அத்தை இருக்காளா இல்லையான்னு பாக்க இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே மோர் கொடுத்தாள். எழுபது வயதுக்கு நல்ல திடம். வந்த விஷயத்தைச் சொன்னேன். அத்தை பதில் சொல்லவில்லை. "செருப்பைப் போடு, ஊரைப் பாத்துட்டு வரலாம்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

கம்பெனிப் பெயரில் பஸ் ஸ்டாப்புகள்

அம்பத்தூர் முன்பு ஏரியும் வயலுமான ஊர். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஓட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் இந்தக் கம்பெனியுடையவைதான். பக்கத்துப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1964-ல் அரசாங்கம் தொழிற்பேட்டை அமைத்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று. இங்கே பஸ் ஸ்டாப்புகளுக்கே கம்பெனிப் பெயர்தான். டன்லப் என்றும் வேவின் என்றும் கண்டக்டர் கூவுவார். டன்லப்பில் டயர் செய்வது நின்ற பிறகும் ஸ்டாப்பின் பெயர் மட்டும் நிற்கவில்லை.

நான் செத்த ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். தெருவுக்குத் தெரு லேத் மெஷின் சத்தம், பெயின்ட் வாடை, டெம்போ வரிசை! பழைய பெரிய தொழிற்சாலைகள் இருந்த சில இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்பிள்ளைகள் சாரி சாரியாக உள்ளே போகிறார்கள். அத்தையின் பேத்தி அதில் ஒன்றில்தான் கம்ப்யூட்டர் வேலை. மாமாவின் கம்பெனி வாசலிலிருந்து கூப்பிடு தூரம்.

எப்படிப் பிழைத்தது இந்த ஊர்? அத்தையின் மகன் விளக்கினான். பெரிய ஆலைகள் சாய்ந்தாலும் பேட்டையின் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலை நகரிலும் கார் தொழிற்சாலைகள் வந்தபோது, உதிரி பாகம் செய்து கொடுக்கும் வேலை இந்தப் பட்டறைகளுக்குக் கிடைத்தது. வேலையிழந்த ஃபிட்டர்களும் டர்னர்களும் அங்கே போனார்கள். பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. ரயிலும் ரோடும் ஏற்கனவே இருந்ததே! 2011-ல் அம்பத்தூர், சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2024-ல் பட்டாபிராமிலும் 21 மாடி டைடல் பார்க் திறந்துவிட்டார்கள்.

"அதெல்லாம் சரிதான்டா" என்றாள் அத்தை. "வேலை போனதுக்கும் வேலை வந்ததுக்கும் நடுவுல அஞ்சாறு வருஷம் இருந்துச்சே, அதை யார் ஓட்டினா?"

அந்த ஐந்தாறு வருஷம்

வீடு திரும்பியதும் சொன்னாள். கதவு மூடிய பிறகும் மாமா தினம் டிபன் காரியரை எடுத்துக்கொண்டு போவாராம். வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வருவாராம். இப்படி நான்கு மாதம். "அவரைத் திட்டவும் மனசு வரலை, தேத்தவும் தெரியலை. ஒருநாள் கணக்கு நோட்டை அவர் முன்னாடி வெச்சேன். கையில இருக்கறது இவ்வளவு, மாசச் செலவு இவ்வளவு, மூணு மாசம் வரும். அப்புறம் என்னன்னு ரெண்டு பேருமா யோசிக்கலாம்னேன். அன்னிக்குத்தான் அழுதாரு. அழுதப்புறம்தான் பேசினாரு."

அத்தை பேட்டையிலேயே ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சேர்ந்தாள். தைத்த சட்டையில் நூல் பிசிறு வெட்டும் வேலை. நாள் கூலி ஐம்பது ரூபாய்கூட இல்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு. பின்னால் மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தது அந்த அட்டையில்தான். "வீட்டுக்காரர் கார்டுல பொண்டாட்டி வைத்தியம் பாக்கறதைத்தான் கேட்டிருக்கேன். எங்க வீட்டுல உல்டா!" என்று சிரித்தாள்.

பிறகு புடவையை லேசாகத் தூக்கிக் காலைக் காட்டினாள். நரம்பெல்லாம் நீலமாகச் சுருட்டிக்கொண்டு புடைத்திருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை. பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்காமல் இருந்து, அடிக்கடி நீர்க்கடுப்பு வேறு. சகோதரிகளே, நிற்கும் வேலையில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: நடுநடுவே உட்காருங்கள், குதிகாலைத் தூக்கி இறக்கி நடமாடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். நரம்பு புடைத்தால் டாக்டரிடம் காட்டத் தள்ளிப்போட வேண்டாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021-ல் சட்டமே வந்திருக்கிறது. பத்துப் புடவை பிரிக்கச் சொல்லும்போது, எதிரே நிற்கும் பெண்ணின் காலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இனிமேல் பார்ப்பேன்.

சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடை அம்மனைத் தரிசித்தோம். பௌர்ணமி வெள்ளியில் மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் சேவிப்போமே, அந்தக் கோயில். அந்த ஊரிலேயே பெண்களுக்கென்று சிட்கோ தனித் தொழிற்பேட்டை வைத்திருக்கிறது. அத்தையோடு பிசிறு வெட்டிய ஒரு அம்மாள் அங்கே ஒரு யூனிட்டில் இன்று சூப்பர்வைசராம்.

எல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். இப்போது அதில் துணிகூட நனைப்பதில்லை. ஏரிகளில் சாக்கடையும் கழிவும் கலந்துவிட்டன. 2015 வெள்ளத்தில் பேட்டையில் மெஷின்கள் மூழ்கின. 2023-லும் தண்ணீர் புகுந்தது. பேத்திக்கு ராத்திரி ஷிஃப்ட். அவள் தூக்கத்தைப் பற்றி அத்தைக்கு ஒரே கவலை. சங்கு இல்லாத வேலைக்கு முடிவு நேரமும் இல்லையாம்.

கிளம்பும்போது அத்தை சொன்னாள்: "வேலை போகுமோ போகாதோ, அது நம்ம கையில இல்லை. அவர் தனியா உக்காந்திருக்காரே, அதை இன்னிக்கே நிறுத்து."

அன்று ராத்திரி குழந்தைகள் தூங்கியதும் கணக்கு நோட்டை எடுத்து வைத்தேன். முதலில் கோபித்தார். பிறகு பேசினார், வெகுநேரம். சீட்டு, நகைக்கடன், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் எழுதிப் பார்த்ததில் ஐந்து மாதம் தாங்கும் என்று தெரிந்தது. கம்பெனியில் முடிவு இன்னும் வரவில்லை. பரண்மேல் கிடந்த என் தையல் மெஷினை இறக்கி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் இரண்டு ரவிக்கைக்குத் துணியும் வந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.