‘கைக்கு அடக்கமா ஒரு ரிவால்வர் வாங்கலாமா?’ - பாதுகாப்புக்குத் துப்பாக்கி... சட்டம் சொல்வது என்ன?

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அப்பாவும் அம்மாவும் மட்டும் ஊரில், நாலு கட்டு வீட்டில். புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் போன்ற ஊர்களில் இது புதிய காட்சி அல்ல. செட்டிநாட்டு ஊர்களில் பல வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. பக்கத்து ஊரில் திருட்டு என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் போதும், குடும்ப குரூப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “பேசாம சின்னதா ஒரு ரிவால்வர் வாங்கி வெச்சுட்டா என்ன?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு ‘எந்த மாடல் பெஸ்ட்?’ என்று தேடத் தொடங்கினால், தேடல் தலைகீழாகப் போகிறது என்று அர்த்தம். இந்தியாவில் ‘எந்த ரிவால்வர்’ என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் வரிசையாக நிற்கின்றன.

துப்பாக்கி வைத்திருப்பது உரிமையா?

இல்லை. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை. தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லவும் அந்த உரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் நிலைமை நேரெதிர். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். ‘அமெரிக்கா போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல’ என்பதை 2023 பிப்ரவரியில் உரிமம் இல்லாத துப்பாக்கிகள் தொடர்பான விசாரணையின்போது நமது உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

எண்ணிக்கையிலும் இது தெரியும். 2016 இறுதியில் நாடு முழுக்க இருந்த உரிமங்கள் சுமார் 33.69 லட்சம் என்றது மத்திய உள்துறை அமைச்சகம். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500தான். துப்பாக்கி இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் பொருளாக எப்போதும் இருந்ததில்லை.

லைசென்ஸ் யார் தருவார்?

மாவட்டங்களில் கலெக்டர், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர். அரிமளத்துக்காரர் என்றால், சுமார் 20 கி.மீ தூரத்தில் இருக்கும் புதுக்கோட்டை கலெக்டர் அலுவலகம்தான் வாசல். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள்படி முக்கியமாகத் தேவைப்படுபவை:

- வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.
- உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு தேவை என்பதற்கான உண்மையான காரணம். ‘பயமா இருக்கு’ என்று பொதுவாக எழுதினால் போதாது. தொழில், வேலை, மிரட்டல் என்று காட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும்.
- உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதற்கான மருத்துவச் சான்று.
- துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி.
- வீட்டில் எப்படிப் பத்திரமாக வைப்பீர்கள் என்பதற்கான உறுதிமொழி.
- உங்களைப் பற்றிய போலீஸ் அறிக்கை.

இவ்வளவும் இருந்தாலும் உரிமம் கிடைத்தே தீரும் என்பதில்லை. பொது அமைதி, பாதுகாப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி மறுக்க அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறது. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

2019-ல் வந்த சட்டத் திருத்தம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. ஒருவர் அதிகபட்சம் 3 துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. 3 ஆண்டுகளாக இருந்த உரிமக் காலம் 5 ஆண்டுகளானது.

சரி, கிடைத்துவிட்டது. என்னென்ன ரிவால்வர் வாங்க முடியும்?

இங்கேதான் யூடியூப் வீடியோக்கள் உதவாமல் போகின்றன. அவற்றில் வரும் .38, 9 மி.மீ எல்லாம் இந்தியாவில் தடை செய்யப்பட்ட துளை அளவுகள். சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காது. கைத்துப்பாக்கியில் பொதுமக்களுக்கு நடைமுறையில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு: .32, .22. தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பழைய வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எல்லாம் கைமாறி வந்தால்தான் உண்டு. அதனால்தான் அவற்றுக்கு அவ்வளவு விலை.

திருச்சியில் 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை புதுக்கோட்டைக்காரர்களுக்குப் பழக்கமான பெயர். ஆனால் அதன் பெயர் ராணுவத் துப்பாக்கிகளோடு சேர்ந்தது. பொதுமக்களுக்கான ரிவால்வர் என்றால் பேச்சு கான்பூருக்குப் போய்விடும். அதிகம் பேசப்பட்ட மூன்று மாடல்கள்:

நிர்பீக்: 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரில் அறிமுகமானது. ‘பெண்களுக்கான ரிவால்வர்’ என்ற விளம்பரத்தோடு வந்தது. .32 அளவு, எடை சுமார் 500 கிராம். அப்போதைய விலை 1,22,360 ரூபாய்.

நிடர்: மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் உருவானது. .22 அளவு, எடை சுமார் 250 கிராம், 8 தோட்டாக்கள். நிர்பீக்கைவிட விலை மிகக் குறைவு. அறிமுகமானபோது சுமார் 35,000 ரூபாய்.

பிரபல்: 2023 ஆகஸ்டில் கான்பூரில் அறிமுகமானது. .32 அளவு, எடை சுமார் 700 கிராம். 50 மீட்டர் வரை சுடலாம் என்பது நிறுவனத்தின் விளம்பரம். தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும் என்பதால் நிரப்புவது சுலபம்.

சின்னது என்றால் சுலபமா?

பலரும் நினைப்பது அப்படித்தான். உண்மை கொஞ்சம் வேறு.

.22 தோட்டாவின் விட்டம் சுமார் 5.6 மி.மீ; .32-க்குச் சுமார் 8 மி.மீ. சிறிய தோட்டா என்றால் கையில் உதறல் குறைவு. ஆனால் .22 தோட்டாவில் வெடிபொருள் விளிம்பில் இருப்பதால், விசையை இழுத்தும் சில சமயம் வெடிக்காமல் போகலாம். ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். தற்காப்புக்கு ரிவால்வரைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் இதுதான்.

அடுத்தது எடை. ஒரே தோட்டாவை இலகுவான துப்பாக்கியில் சுட்டால் உதறல் அதிகமாகும். குழல் குட்டையாக இருந்தால் குறி தவற வாய்ப்பும் அதிகம். அதாவது, பைக்குள் வைக்க எது வசதியோ, அதைச் சரியாகச் சுடத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோகும் பொருள் அல்ல இது.

இன்னொன்று, நேரம். கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியை, அதாவது 6.4 மீட்டரை, சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார் என்பதை அமெரிக்க போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் 1983-ல் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். கைப்பையின் அடியில் இருக்கும் ரிவால்வருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறைத்து எடுத்துச் செல்லலாமா?

மறைத்து எடுத்துச் செல்வதற்கென்று அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் தனி அனுமதி உண்டு. இங்கே அப்படித் தனியாக ஒன்று இல்லை. உரிமம் இருப்பவர் பொது இடத்துக்குக் கொண்டுபோனால் உறையில், முழுவதும் மூடியபடி, தன் கட்டுப்பாட்டில்தான் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவது, இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு ரீல்ஸ் போடுவது எல்லாம் சிக்கலில்தான் முடியும். உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதும் அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும்.

கல்யாணம், திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதுவும் 2019 திருத்தத்தில் வந்ததுதான். தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் நம் ஊரில் வழக்கம். விலக்கு பெற்றவர்கள் தவிர மற்றவர்களின் வீடுகளில் அந்த வாரங்களில் துப்பாக்கி இருக்காது.

திருடன் வந்தால் சுடலாமா?

‘என் வீடு, என் துப்பாக்கி’ என்று சட்டம் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உரிமை உண்டு, கூடவே எல்லையும் உண்டு.

உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களின்போது எதிராளிக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது போன்றவற்றுக்கும் அப்படியே. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. கொல்லைப்புறத்தில் தேங்காய் திருடிவிட்டு ஓடுகிறவரின் முதுகில் சுட்டால், அது தற்காப்பு அல்ல. அதன் பிறகு ‘எனக்கு அச்சம் இருந்தது, அது நியாயமானது’ என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டிய நிலை சுட்டவருக்கு வரும்.

குறி தவறினால்? புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த வலி தெரியும். 2021 டிசம்பர் 30-ல் நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அந்தச் சிறுவன் இறந்துபோனான். அது ரிவால்வர் அல்ல. பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்த இடம். ஆனால் பாடம் ஒன்றுதான்: குழலை விட்டுக் கிளம்பிய குண்டு யார் வீட்டுக்குப் போகும் என்பது சுட்டவர் கையில் இல்லை.

தாத்தாவின் பழைய துப்பாக்கி பரணில் இருக்கிறதா?

புதிதாக வாங்குவதைவிட இதுதான் பல குடும்பங்களுக்கு உடனடிப் பிரச்சினை. உரிமம் தாத்தா பெயரில், தாத்தா காலமாகிவிட்டார், துப்பாக்கி மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. ‘நம்ம சொத்துதானே’ என்று விட்டுவிடக் கூடாது. உரிமையாளர் இறந்துவிட்டாலோ உரிமம் காலாவதியானாலோ, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றவும் விதிகளில் வழி உண்டு.

அப்படிச் செய்யாமல் வைத்திருந்தால், உரிமம் இல்லாத ஆயுதம் வைத்திருந்த குற்றம் வரும். அதற்கான தண்டனை 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு சிறையும் அபராதமும்.

அப்படியானால் பயத்துக்கு என்ன மருந்து?

முதலில், எது பயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பூட்டிய வீட்டுக்கு வரும் திருடர் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறார். அந்த வீட்டு பீரோவில் இருக்கும் ரிவால்வர் பாதுகாப்பு அல்ல. நகையோடு சேர்ந்து களவுபோகும் இன்னொரு பொருள். பெண்களின் பாதுகாப்பும் அப்படித்தான். பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள். இருட்டுச் சந்தில் வரும் முகம் தெரியாத ஆளை மனத்தில் வைத்து விற்கப்படும் ரிவால்வர், அங்கே என்ன செய்யும்?

மிரட்டல் உண்மையாகவே இருந்தால், எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பின்னால் உரிமத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் காகிதம்தான் பேசும். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு இந்த வாரமே செய்து முடிக்கக்கூடியவை இவை:

- அவசர எண் 112, பெண்கள் உதவி எண் 181, முதியோர் உதவி எண் 14567 ஆகியவற்றை அவர்கள் போனில் முதல் வரிசையில் பதிந்து வையுங்கள்.
- தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியை நிறுவி, ஒருமுறை பயன்படுத்திக் காட்டுங்கள்.
- வெளியூர் போகும் முன் உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள், ரோந்தில் கவனிப்பார்கள்.
- நகையை வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். வாசலுக்கும் கொல்லைக்கும் விளக்கு, கேமரா போடுங்கள்.
- பக்கத்து வீட்டு நம்பர் ஒன்று உங்கள் போனிலும் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் உயிருக்கு அச்சுறுத்தல் இருக்கிறது, காட்ட ஆதாரமும் இருக்கிறது என்றால், கலெக்டர் அலுவலகக் கதவைத் தட்டுங்கள். நிர்பீக்கா, நிடரா, பிரபலா என்ற கேள்வியை உரிமம் கைக்கு வந்து, பயிற்சியும் முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.