ஈரமானியும் மண் வகையும்

மண் ஈரமானியைப் புதைக்குமுன் அதில் மண் வகையைக் குறித்தல் வேண்டும். இதனை அற்ப காரியமென்று நம் அங்கத்தினர்கள் எண்ணலாகாது. கருவி நீரை நேரே அளப்பதில்லை. மண்ணின் மின்தன்மையை அளந்து, நாம் குறித்த வகையைக் கொண்டே ஈரத்தைக் கணக்கிடுகிறது. கன அளவில் நூற்றுக்கு 20 பங்கு ஈரம் மணலுக்குத் தாராளம். கரிசலிலோ களி அந்நீரை இறுகப் பற்றிக்கொள்வதால் பருத்தி வாடி நிற்கும். ஆங்கு ‘மணல்’ என்று குறித்துவிட்டால், கருவி ‘போதும்’ என்று காட்டிக்கொண்டிருக்கவே பயிர் காயும்!

விற்பவர் சொல்லைவிட நம் கைகளையே நம்புவோம். வேரோடும் ஆழத்து மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். உருண்டையே திரளாவிடின் மணல். 1 அங்குலத்திற்குள் நாடா அறுந்தால் இருமண்பாடு. 2 அங்குலத்திற்கு மேல் நீண்டால் களி. மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியே சோதித்தல் நலம். ஒரே வயலிலும் மண் மாறுவதுண்டு.