தாயின் எடையும் தாயின் உரிமையும்

கர்ப்பிணிப் பெண்ணொருத்தி எடைக் கருவியின்மேல் ஏறி நிற்பதும், செவிலியர் குனிந்து பார்த்து அந்த எண்ணைத் தாய் சேய் நல அட்டையில் குறிப்பதும், "அடுத்த மாதம் வாம்மா" என்று அனுப்பிவிடுவதுமாக, காரியம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்த எண் போதுமா போதாதா, போதாதென்றால் நாளைக் காலையில் அடுப்பில் எதை ஏற்ற வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்டறிந்து வீடு திரும்பும் பெண்கள் சிலரே.

உறவுக்காரப் பெண் ஒருத்திக்குத் துணையாகச் சென்றிருந்தபோது அவளுடைய அட்டையைப் பார்த்தேன். நான்கு மாதங்களின் எடை வரிசையாக 43, 43, 43½, 44 என்று எழுதியிருந்தது. அன்று புதிதாக வந்திருந்த செவிலியர் அந்த வரிசையின்மேல் விரலை வைத்தபடி, "காலையிலிருந்து என்ன சாப்பிட்டே, சொல்லும்மா" என்று கேட்டார். "டீயும் ரெண்டு பன்னும், சிஸ்டர்" என்றாள் இவள். "நிறையச் சாப்பிட்டா பிள்ளை பெருத்துடும், பிரசவம் கஷ்டமாயிடுமேன்னுதான்..." என்று மாமியார் இழுத்தார். செவிலியர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. காலையில் ஒரு முட்டை, மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மதியச் சோற்றோடு இன்னொரு கரண்டி பருப்பு, வாரத்தில் சில நாள் முருங்கைக்கீரை என்று, அந்த வீட்டில் கிடைக்கக்கூடியவற்றையே மாமியாரிடமும் சேர்த்துச் சொன்னார். அடுத்த மாதம் அட்டையில் 46 என்று ஏறியது. ஊட்டச்சத்து ஆலோசனை என்பது இதுதான்.

தாயின் எடை கூடுவது வெறும் கொழுப்பினால் அன்று. ஏறக்குறைய 3 கிலோ சிசு, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருகிய இரத்தம், விரிந்த கருப்பை, பாலூட்டுவதற்காகத் தேகம் சேர்த்துவைக்கும் சேமிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்தக் கணக்கு. பொதுவாக 10 முதல் 12 கிலோ வரை கூடுவது நல்லது என்று நம் நாட்டில் சொல்லப்படுகிறது. ஆயினும் எல்லோருக்கும் ஒரே பிரமாணம் பொருந்தாது. கருவுறும் முன் உடல் நிறைக் குறியீடு 18.5-க்குக் கீழாக இருந்த மெலிந்த பெண்ணுக்கு 12.5 முதல் 18 கிலோ வரையும், அக்குறியீடு 30-ஐ எட்டிய பெண்ணுக்கு 5 முதல் 9 கிலோ வரையும் ஏறலாம் என்று 2009-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த அளவு கூறுகிறது. ஆதலால், "எனக்கு எவ்வளவு ஏற வேண்டும்?" என்று கேட்பது ஒவ்வொரு தாய்க்கும் அவசியம்.

எடை குறைந்தால், 2.5 கிலோவுக்கும் குறைவான குழந்தை பிறக்கும் அபாயம் கூடுகிறது. 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்ற உபசாரத்தில் எடை மிஞ்சினாலோ, கர்ப்பகால நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அறுவைப் பிரசவமும் நெருங்குகின்றன. இந்நீரிழிவைக் கண்டறிய 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. அதைப் பரப்பப் பாடுபட்ட சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவுக்கான தேசிய விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. எடை திடீரென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் தோன்றினால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எடையோடு இரத்தத்தையும் கவனிக்க வேண்டும். கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவது இரத்தசோகை. நான்காம் மாதம் முதல் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கறுக்கிறதே என்று அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிறமாற்றத்தால் தீங்கில்லை. அம்மாத்திரையைத் தேநீரோடும், கால்சிய மாத்திரையோடும் சேர்த்து விழுங்காமல் இருந்தால் போதும்.

உணவு, தாய்க்கு யாரும் இடும் பிச்சையன்று. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடி வழியே இலவச உணவைப் பெறும் பாத்தியதையைத் தாய்க்கு அளித்திருக்கிறது. தமிழ்நாட்டில், தகுதியுள்ள ஏழைத் தாய்மார்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின்கீழ் ரூ.18,000 மதிப்பில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் வழங்கப்படுகின்றன. கருவுற்றதும் 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்வது இவற்றுக்கெல்லாம் வாசல். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் இலவசப் பரிசோதனை உண்டு. உணவு ஆலோசனையும் பரிசோதனையின் ஓர் அங்கமே என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரை வற்புறுத்துகிறது.

அங்கன்வாடியில் தரவேண்டிய சத்துமாவு மறுக்கப்பட்டால், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் முறையிடலாம். அங்கும் பரிகாரம் கிட்டாவிட்டால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட மாவட்டக் குறைதீர் அலுவலரையும், பின்னர் மாநில உணவு ஆணையத்தையும் நாடலாம். மருத்துவ ஆலோசனை வேண்டுமானால் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்த முறை பரிசோதனைக்குச் செல்லும் சகோதரி, எடை எழுதப்பட்ட அட்டையை வாங்கிக்கொண்டு உடனே எழுந்துவிட வேண்டாம். "இந்த எடை எனக்குப் போதுமா? நான் என்ன சாப்பிட வேண்டும்?" என்று கேட்டு, விடை கிடைத்த பின்னரே எழுந்து வருக. உடன் செல்லும் கணவரும் மாமியாரும் அவ்விடையைச் செவிமடுத்துக் கேட்பார்களாக. ஏனெனில் அவள் தட்டில் என்ன விழுகிறது என்பது பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.