பழைய சரக்கு வண்டியில் வில் பட்டை முறிந்தால்...

கோடையில் கண்மாய்கள் வற்றியதும் விருதுநகர் மாவட்ட விவசாயிகள் நிலத்துக்குக் கரம்பை மண் அடிக்கத் தொடங்குகிறார்கள். முன்பு மாட்டு வண்டிகள் செய்த இவ்வேலையை இன்று சிறிய சரக்கு வண்டிகளும் செய்கின்றன. சிவகாசி, சாத்தூர், வத்திராயிருப்பு வட்டாரங்களில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பழைய வண்டியை வாங்கி உரம், தீவனம், மக்காச்சோளம், தேங்காய் என எல்லாச் சுமைக்கும் பயன்படுத்தும் சிறு விவசாயிகள் உண்டு. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி தொல்லை தருவது பின்பக்க வில் பட்டை. அறுவடை நேரத்தில் அது முறிந்தால் வாடகை வண்டிக்கே லாபம் போய்விடும். ஓடும்போது முறிந்தால் உயிருக்கே ஆபத்து.

பட்டை ஏன் முறிகிறது?

வில் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. பல எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவே சென்டர் போல்ட்டால் இணைத்து, இரண்டு யூ போல்ட்டுகளால் ஆக்சிலோடு இறுக்கியிருப்பார்கள். நீளமான முதல் பட்டையின் இரு முனைகளிலும் 'கண்' இருக்கும். இக்கண்களே வண்டியின் சேஸிஸில் மாட்டப்படுகின்றன. ஆகவே முதல் பட்டை சுமையைத் தாங்குவதோடு, ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்தியும் வைக்கிறது.

சுமை ஏறும்போது வில் நிமிர்கிறது. பட்டையின் மேல்முகம் இழுபடுகிறது. பள்ளத்திலும் மேட்டிலும் ஆயிரக்கணக்கான முறை இப்படி இழுபடுவதால், துருக்குழி அல்லது சிறு வெட்டு உள்ள இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் தொடங்கி மெல்ல வளர்ந்து, ஒரு நாள் முறிகிறது. யூ போல்ட் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் நடுத்துளை அருகிலும், கண்ணில் உள்ள புஷ் தேய்ந்தோ ஷேக்கிள் இறுகியோ இருந்தால் கண் அருகிலும் முறியும்.

அதிகச் சுமை மற்றொரு முக்கிய காரணம். 2005ஆம் ஆண்டு வெளிவந்து, 'சின்ன யானை' என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் வகை வண்டியின் சுமைத் திறன் சுமார் முக்கால் டன். ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 33 கன அடி கொள்ளும். காய்ந்த தொழுஉரம் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 17 கிலோ என்று கொண்டால் தொட்டி நிறைந்தாலும் 560 கிலோதான். ஈரமான கரம்பையோ கன அடிக்கு சுமார் 45 கிலோ. தொட்டி நிறைந்தால் ஒன்றரை டன்! கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவுதான். வில்லுக்கோ இரண்டரை மடங்குக்கும் அதிகச் சுமை. எனவே கரம்பையைத் தொட்டியில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது.

அறிகுறிகள்

வண்டியைச் சமதரையில் சுமையின்றி நிறுத்தி, இருபுறமும் டயர் காற்றைச் சமமாக வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலுள்ள தொட்டியின் விளிம்பு வரை அளக்க வேண்டும். இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் பட்டைகளை ஆராய வேண்டும். வண்டி ஒருபுறம் சாய்தல், டயர் உரசுதல், பட்டை பக்கவாட்டில் விலகி நிற்றல், பட்டையின் குறுக்கே துருக்கோடு தெரிதல் ஆகியனவும் எச்சரிக்கைகளே.

வெல்டிங் உதவாது

வில் பட்டைக்கான எஃகைச் சுமார் 850 முதல் 900 டிகிரி வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் 400 முதல் 500 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். வெல்டிங் சூடு இப்பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டிய இடத்தின் அருகே எஃகு கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெறும். முறிந்த பட்டையைப் பட்டறையில் கொடுத்து அருவாள் அடித்துக்கொள்ளலாம். வண்டியில் மீண்டும் மாட்டக் கூடாது.

மாற்றும் முறை

முந்திய நாளே நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நலம். சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் உறுதியான தாங்கிகளை நிறுத்த வேண்டும். ஆக்சிலுக்குத் தனித் தாங்கல் தேவை. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கக் கூடாது. பிரேக் குழாய் இழுபடாமல் கவனித்து, முதலில் ஷாக் அப்சார்பரின் கீழ்முனையையும், பிறகு யூ போல்ட்டுகளையும், கடைசியில் ஷேக்கிளையும் கண் போல்ட்டையும் கழற்ற வேண்டும்.

ஒரு பக்கம் முறிந்தாலும் இரு பக்கமும் மாற்றுவதே சிறந்தது. புதிய வில்லும் களைத்த வில்லும் ஒன்றாக வேலை செய்தால் வண்டி சாயும். பணவசதி இல்லாமல் ஒரே பட்டையை மாற்ற நேர்ந்தால் கனம், அகலம், வளைவு மூன்றும் பழையதற்குப் பொருந்த வேண்டும். 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால் அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அந்தப் பட்டையே பெருஞ்சுமையை ஏற்று முதலில் முறியும்.

யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் ஆகியவற்றைப் புதிதாகப் போடுவது அவசியம். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். இல்லையேல் ஆக்சில் விலகி வண்டி கோணலாக ஓடும். யூ போல்ட் நட்டுகளை மாற்றி மாற்றிக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தை, வண்டி தரையில் இறங்கி அதன் பாரம் வில்லின்மேல் வந்த பிறகே செய்தல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக் கிழியும். முதல் சுமை ஏற்றி வந்ததும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க மறக்கக் கூடாது.

கூடுதல் பட்டை வேண்டாம்

சிலர் ஒரு பட்டையைக் கூட்டினால் அதிகச் சுமை ஏற்றலாம் என்று எண்ணுகிறார்கள். இது தவறு. வில் விறைத்தாலும் பிரேக், டயர், பேரிங், சேஸிஸ் ஆகியவை பழைய பலத்திலேயே இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையும் மாறாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மேலும் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வழியில் முறிந்தால் உடனே சுமையை இறக்க வேண்டும். முதல் பட்டை முறிந்திருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. கீழ்ப்பட்டை மட்டும் முறிந்திருந்தால், வெறும் வண்டியாக மெதுவாக அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்லலாம். களையெடுக்கும் ஆட்களைச் சுமைத் தொட்டியில் ஏற்றும் வழக்கம் சட்டப்படி குற்றம். முறிந்த வில்லோடு அதைச் செய்வது பெரும் பழியில் முடியலாம்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் போதும். விரிசல் சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். செலவும் குறையும், ஆபத்தும் விலகும்.