சிப்பின் சூடும் சென்சாரின் சூடும்

மின்சாரக் கார், மெட்ரோ ரயில், காற்றாலை, சூரிய மின் நிலையம் எல்லாவற்றிலும் இன்வெர்ட்டர் உண்டு. அதன் உள்ளே உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டிக் கட்டிகள் இருக்கும். பவர் மாட்யூல் என்பார்கள். பழுதான ஒன்றின் மூடியைக் கழற்றினால் மேலே தெளிந்த சிலிக்கோன் ஜெல் தெரியும். அதற்கு அடியில் பீங்கான் தகட்டில் செம்புத் தடங்கள், தடங்களின் மீது விரல்நக அளவில் சிலிக்கன் சிப்கள், ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் வரிசையாகப் பற்றவைத்த அலுமினியக் கம்பிகள். இந்தக் கூட்டத்திலிருந்து சற்று ஒதுங்கி, ஓரமாக, அரிசி அளவில் ஒரு பொருள் இருக்கும். அதுதான் வெப்ப சென்சார். இன்வெர்ட்டர் காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் இதன் வாய்மொழிதான்.

இந்தச் சிப்களில் ஐ.ஜி.பி.டி. என்ற வகையை உருவாக்கியவர்களில் முன்வரிசையில் இருப்பவர் ஜெயந்த் பாலிகா. 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இதற்காக உழைத்தார். 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவரைத் தேடி வந்தது. நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும் சிப் இது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. பொதுவாக 150 டிகிரி செல்சியஸ் வரை, சில வகைகளில் 175 வரை, தாங்கும். அதைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சென்சார்.

சென்சாரின் பெயர் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை இறங்கும். வெள்ளி சல்பைடில் இப்படி ஒரு நடத்தையை மைக்கேல் ஃபாரடே 1833லேயே கவனித்திருக்கிறார். மாட்யூல்களில் பரவலாக இருக்கும் வகை 25 டிகிரியில் 5000 ஓம் காட்டும். 100 டிகிரியில் 500 ஓமுக்குச் சற்றுக் கீழே போய்விடும். 150 டிகிரியில் 170 ஓம் அளவுதான் மிஞ்சும். ஒரே ரகத்தில் வாங்கினாலும் ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். 100 டிகிரியில் மின்தடை ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். அதை டிகிரியாக்கினால் இரண்டுதான். இந்தப் பிழை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

பெரிய பிழை சென்சார் இருக்கும் இடத்தில் இருக்கிறது. சிப்பில் பிறக்கும் வெப்பம் சால்டர், செம்பு, பீங்கான், மறுபடி செம்பு, அடித்தட்டு, தெர்மல் பேஸ்ட் என்று கீழ்நோக்கியே இறங்கி ஹீட்சிங்குக்குப் போகிறது. ஓரத்து சென்சாரை எட்டுவது பக்கவாட்டில் கசியும் மிச்சம் மட்டுமே. ஒரு சிப் 200 வாட் வெப்பம் விடுகிறது, சிப்புக்கும் சென்சார் இருக்கும் இடத்துக்கும் இடையே வாட்டுக்கு 0.15 டிகிரி இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். சென்சார் 80 காட்டும்போது சிப் 110இல் இருக்கும். முப்பது டிகிரி! குளிர்விக்கும் ஏற்பாடு நன்றாக இருந்தால் இடைவெளி குறையும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. அடித்தட்டில் நேரடியாகத் தண்ணீர் ஓடும் மாட்யூல்களில் வெப்பம் பக்கவாட்டில் பரவுமுன்பே கீழே இறங்கிவிடுவதால், சென்சார் ஏறத்தாழ தண்ணீரின் சூட்டையே சொல்லிக்கொண்டிருக்கும்.

நேரமும் ஒரு சிக்கல். சிப் மில்லி நொடிகளில் சூடேறும். சென்சாருக்குச் செய்தி போய்ச்சேர நொடிகள் ஆகும். ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் பல ஐ.ஜி.பி.டி.க்கள் தாக்குப்பிடிப்பது 10 மைக்ரோ நொடி. அதற்கெல்லாம் தெர்மிஸ்டரை நம்பவே கூடாது. மலைப்பாதை ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்து மின்சாரக் காரை நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்திருக்கலாம். மோட்டார் சுழலவில்லை, ஆனால் முழு விசையோடு தாங்கி நிற்கிறது. சுழலும்போது மூன்று பேஸ்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மின்னோட்டம், இப்போது ஒரு பேஸின் சிப்களிலேயே தேங்கி நிற்கும். சென்சார் வேறொரு பேஸின் பக்கத்தில் இருந்தால் அதற்கு இந்த அவதி சரியாக எட்டாது.

சில டிகிரிக்கு இவ்வளவு கவலை வேண்டுமா என்றால், வேண்டும். சிலிக்கனும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஒவ்வொரு சூடேற்றமும் கம்பி ஒட்டிய இடத்தை இழுத்து நெளிக்கிறது. நாளடைவில் விரிசல் விட்டுக் கம்பி கழன்றுவிடும். சுவிட்சர்லாந்தின் லெசிட் திட்டத்தில் செய்த சோதனைகள் 1997இல் வெளியாயின. அவற்றின்படி ஆயுள், வெப்ப ஏற்ற இறக்கத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 60 டிகிரி ஏற்ற இறக்கம் 66 ஆனால் ஆயுளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும்.

சிப்பின் உண்மையான சூட்டை ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம். ஒரு வழி, ஜெல்லை நீக்கி அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பது. பளபளக்கும் அலுமினியம் சரியாகக் கதிர்வீசாது என்பதால் சிப்புக்குக் கறுப்பு வண்ணம் பூசுவார்கள். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: சிப்பையே சென்சார் ஆக்குவது. பெரிய மின்னோட்டத்தை நிறுத்தியவுடன் 100 மில்லி ஆம்பியர் போல மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தினால், சிப்பின் இரு முனைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். முன்கூட்டியே சீரான சூட்டில் வைத்து அளவுகுறித்து வைத்திருந்தால் அதிலிருந்து வெப்பநிலையைப் படித்துவிடலாம். ஆனால் கிடைப்பது சிப் முழுவதற்குமான சராசரிதான். நடுப்பகுதி ஓரங்களை விடச் சூடாகவே இருக்கும்.

ஓடும் வண்டியில் இதையெல்லாம் செய்வது கடினம். சிப்பிலேயே சிறு டயோடைப் பதித்து அளக்கும் மாட்யூல்களும் வந்துவிட்டன. அதற்குச் சிப்பில் இடமும் தனிக் கம்பிகளும் வேண்டும். மற்றவற்றில் கட்டுப்பாட்டு மென்பொருள், தெர்மிஸ்டர் சொல்வதை அடித்தளமாக வைத்து, மின்னோட்டத்திலிருந்து இழப்பைக் கணக்கிட்டு, மேலே எத்தனை டிகிரி கூட்டுவது என்று முடிவுசெய்கிறது. மாட்யூல் புதிதாக இருக்கும்வரை இது நன்றாகவே வேலை செய்யும். சால்டரில் விரிசல் பரவப் பரவ வெப்பம் இறங்கும் வழி குறுகும். வாட்டுக்கு எத்தனை டிகிரி இறக்கம் என்ற அந்த வெப்பத்தடை 20 சதவீதம் கூடினால் மாட்யூலின் ஆயுள் முடிந்தது என்று சோதனைக்கூடங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. அப்போது நம் உதாரணத்தின் முப்பது டிகிரி முப்பத்தாறு ஆகியிருக்கும். சென்சார் 80 என்றே சொல்லும், மென்பொருளும் பழைய 0.15ஐ வைத்தே கூட்டிக்கொண்டிருக்கும்.